கொடுமணலும் மோட்டூரும்: கல்வட்டங்களைத் தேடி நான்கு நாட்கள்

2024 பிப்ரவரி 9, வெள்ளி: பவானி

தை அமாவாசை. பவானி கூடுதுறையில் விடியற்காலை ஐந்து மணிக்கே கால் வைக்க இடமில்லை. காவிரியும் பவானியும் கலக்கும் அந்தப் படித்துறையில் அண்ணன் ஈர வேட்டியோடு அமர்ந்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருக்க, நான் நான்கு படிகளுக்கு மேலே பைகளையும் செருப்புகளையும் காத்தபடி உட்கார்ந்திருந்தேன். நீரிலிருந்து எழுந்த குளிர் போர்வைக்குள்ளும் புகுந்தது.

ஐயர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டார். அப்பாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொன்ன அண்ணன், மூன்றாவது பெயருக்கு என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. "பரவாயில்லை, கோத்திரத்தைச் சொல்லி விட்டுவிடலாம்" என்று ஐயர் கனிவோடு அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு உயிரோடு இருந்த ஒருவரின் பெயர், அவருடைய கொள்ளுப்பேரன் பேத்திக்கே தெரியாமல் போய்விட்டது என்ற எண்ணம் அதற்குப் பிறகு நான்கு நாட்களும் என்னை விடவில்லை.

அப்பாவின் கருமாதியும் இதே கரையில்தான் நடந்தது. மணலில் கல் ஊன்றி, அதற்கு நீராட்டி, துணி சுற்றி, சோறு படைத்து, எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கல்லைப் பிடுங்கி ஆற்றில் விட்டோம். அன்று அதைச் சடங்கின் ஒரு பகுதியாக மட்டுமே பார்த்தேன். அப்பா ஏன் சில நாழிகைக்குக் கல்லாக இருந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. பின்னர், இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்ட பெருங்கற்காலக் கல்வட்டங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. இந்தப் பயணத்துக்கு அதுவே காரணம்.

கோயிலை விட்டு வெளியே வந்து, சிறிய கடை ஒன்றில் இட்லி சாப்பிட்டோம். நான்கு இட்லி நாற்பது ரூபாய். அமாவாசை என்பதால் வெங்காயம் சேர்க்காத சாம்பார். பரிமாறிய அம்மா, என் கண்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னொரு இட்லியை வைத்து, "சாப்புடு கண்ணு, பெரியவங்களுக்குப் பண்ணீட்டு வெறும் வயித்தோட போகக்கூடாது" என்றார். ஐந்தாவது இட்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 10, சனி: சென்னிமலை, கொடுமணல்

அண்ணன் ஊருக்குத் திரும்பிவிட, நான் ஈரோடு வழியாகச் சென்னிமலைக்கு வந்தேன். கொடுமணல் செல்லும் நகரப் பேருந்து எட்டரைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அது வரவில்லை. பத்து மணி வரை நிழற்குடையில் நின்ற பிறகு, பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் என்னை உள்ளே அழைத்துத் தம்முடைய நாற்காலியைக் கொடுத்து, ஒரு ஆட்டோக்காரரையும் கூப்பிட்டு விட்டார். போகவர, அங்கே காத்திருக்க, எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய் என்று பேசி முடித்தோம்.

சாலையின் இருபுறமும் கொறங்காடுகள். கிளுவை வேலி சுற்றிய மேய்ச்சல் நிலத்தில் வெள்வேல மரங்களும் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லும் நிறைந்திருக்க, நடுவே காங்கேயம் மாடுகள் தலை தாழ்த்தி நின்றன. பிப்ரவரி என்றாலும் பதினொரு மணி வெயில் முகத்தைச் சுட்டது.

கொடுமணல் நொய்யலின் வடகரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் 'கொடுமணம்' என்று பாடிய ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்கிறார் அரிசில்கிழார். வேலைப்பாடு மிக்க அரிய அணிகலன்கள் இங்கே பிறந்தன. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் நடத்திய அகழாய்வுகளும், அதற்குப் பின்னர் வந்த அகழாய்வுகளும் அந்த வரிக்கு மண்ணிலிருந்து சான்று எடுத்துக் கொடுத்தன. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பச்சைக்கல் படியூரிலிருந்தும் நீலக்கல் சிவன்மலையிலிருந்தும் வந்திருக்க வேண்டும். இரண்டு ஊர்களும் இன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. சூதுபவளம் என்னும் செந்நிறக் கல் குசராத்துப் பக்கத்திலிருந்து வந்தது. மேலைக்கடற்கரையின் முசிறியையும் சேரர் நகரமான கருவூரையும் இணைத்த பெருவழியில் இந்த ஊர் இருந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு வந்த எனக்கு, இறங்கிய இடத்தில் எதுவும் தெரியவில்லை என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. அப்பால் புல், முள், ஆங்காங்கே கருங்கல். அகழாய்வுக் குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம் என்று தெரிந்திருந்தும், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் படங்களைப் பார்த்துப் பழகிய மனம் வானத்தை நோக்கி எழுந்த தூண்களைத் தேடியது. அரைமணி நேரம் அலைந்து, வேலமுள் ஒன்று செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏற, ஒரு பாறையில் அமர்ந்துவிட்டேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்தார். தலைப்பாகைத் துணியிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்து நீட்டி, நான் முள்ளை எடுத்து முடிக்கும் வரை மறுபக்கம் பார்த்து நின்றார். அந்த நாசூக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "அம்மணி எதைத் தேடுறீங்க?" என்று கேட்டார். கல்வட்டம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அதும்மேலதானுங்க உக்காந்திருக்கறீங்க" என்றார்.

பதறி எழுந்தேன். அவர் கோலை நீட்டி, நான் அமர்ந்திருந்த கல்லில் தொடங்கி ஒவ்வொரு கல்லாகச் சுட்டிக்கொண்டே நடந்தார். பாதி புதைந்த கல், புல் மூடிய கல், உடைந்த கல், கல் இருந்து பெயர்க்கப்பட்ட குழி, மறுபடியும் கல். அவர் சுற்றி முடித்துத் தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றபோது என் கண்முன் ஒரு வட்டம் இருந்தது. நடுவில் சிறு கற்களைக் கொட்டிய மேடு. அதன் பிறகு எங்கே திரும்பினாலும் வட்டங்கள் தெரிந்தன. தரையோடு தரையாக, ஆள் முழங்காலுக்கு மேல் எழாமல், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரு தெருவில் வீடுகள் இருப்பதைப் போலவே இருந்தன. "பாண்டு குழிங்க" என்றார் பெரியவர். பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய இடம் என்று அவருடைய பாட்டி சொல்லியிருக்கிறார். தென்னாட்டில் பெருங்கற்காலச் சின்னங்கள் இருக்கும் எத்தனையோ ஊர்களில் பாண்டவர்களின் பெயர்தான் அவற்றுக்கு வழங்குகிறது. செய்தவர்களை மறந்துவிட்ட மக்கள், செய்தவர்கள் சாதாரண மனிதர்களாக இருந்திருக்க முடியாது என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வெளியே தெரியும் வட்டம் ஓர் எல்லை மட்டுமே. உயிரான பகுதி கீழே இருக்கிறது. மண்ணைத் தோண்டிப் பெரிய பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, ஒன்றை ஒன்று தாங்குமாறு முட்டுக் கொடுத்து, தளத்திலும் ஒரு பலகையைப் பரப்பி, மேலே மூடுகல் வைத்து ஓர் அறையைக் கட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் ஓர் அறை. சிலவற்றில் இரண்டு, மூன்று. ஒரு பலகையில் துளை ஒன்று இட்டிருப்பார்கள். அதற்கு இடுதுளை என்று பெயர். அறைக்குள்ளும், துளைக்கு முன்னாலும், பானைகளும் கிண்ணங்களும் இரும்புக் கருவிகளும் மணிகளும் வைக்கப்பட்டன. பிறகு எல்லாவற்றையும் மண்ணால் மூடி, கற்குவையைக் குவித்து, கடைசியாகச் சுற்றிலும் வட்டக் கற்களை நட்டார்கள். இங்குள்ள ஈமச்சின்னங்களில் ஒன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. வெண்கலத்தில் செய்து நிறக்கற்கள் பதித்த ஒரு புலி உருவமும் கிடைத்தது.

இத்தகைய கல்லறைகளில் பெரும்பாலும் முழு எலும்புக்கூடு இருப்பதில்லை. உடலை வேறிடத்தில் விட்டு, பின்னர் சில எலும்புகளை மட்டும் சேகரித்து வந்து அடக்கம் செய்யும் முறை இருந்தது. அப்படியானால் இந்த வட்டம் உடலை மறைக்கக் கட்டியது அன்று. உடல் அழிந்த பிறகும் ஒருவர் எங்கேயோ இருக்கிறார், அவருக்குப் பசிக்கும், அவர் வந்துபோக ஒரு வாசல் வேண்டும் என்று நம்பியவர்கள் கட்டியது. தாங்கள் மண்சுவரும் கூரையுமான வீட்டில் வாழ்ந்துகொண்டு, இறந்தவருக்குக் கல்லில் வீடு கட்டினார்கள். கல்வட்டத்தின் ஆன்மிகப் பொருளைக் கேட்பவர்களுக்கு வானியல் கணக்கையோ மறைபொருள் ஆற்றலையோ சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அந்த இடுதுளையும் அதன் முன்னால் வைத்த சோற்றுக் கிண்ணமும்தான் எனக்குத் தோன்றிய பொருள். கூடுதுறையில் நேற்று அண்ணன் பிடித்து வைத்த பிண்டமும் அதையேதான் சொன்னது.

பெரியவர் தூக்குப்போசியிலிருந்த கம்மங்கூழில் பாதியை மூடியில் ஊற்றி எனக்குக் கொடுத்தார். சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் தொட்டுக்கொள்ள. வெயிலில் அது அமுதமாக இருந்தது. பணம் கொடுக்க முயன்றபோது முகம் சுருங்கினார். அவர் சொன்ன ஒரு செய்தி என் மனத்தை அறுத்தது. தம் சிறுவயதில் இந்தப் பக்கம் இன்னும் எத்தனையோ வட்டங்கள் இருந்தன என்றும், நிலத்தைச் சமன் செய்தபோதும் வேலிக்குக் கல் தேவைப்பட்டபோதும் அவை போய்விட்டன என்றும், அவற்றை எடுத்தவர்களில் தம் தந்தையும் ஒருவர் என்றும் அவர் மெதுவாகச் சொன்னார். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பும் வழியில் நொய்யல் கரையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். சாயக்கழிவு சுமந்து வரும் ஆறு இது. நுரை ஒதுங்கிக் கிடந்த நீரின் வாடை நெடுநேரம் மூக்கை விட்டு அகலவில்லை. இந்த ஆற்றின் நீரைத்தான் அந்த வட்டங்களைக் கட்டியவர்கள் குடித்தார்கள், அந்த நீரில்தான் மணிகளைத் தேய்த்துக் கழுவினார்கள் என்று நினைத்தபோது கல்லறைகளைவிட ஆறே அதிகத் துயரம் தந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு: சேலம் வழியாகத் திருவண்ணாமலை

முழுநாளும் பேருந்தில் கழிந்தது. முள் தைத்த குதிகால் வீங்கி, செருப்பைப் போட முடியாமல் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். பக்கத்தில் அமர்ந்திருந்த நடுவயதுப் பெண், தம் பையிலிருந்து மஞ்சள்பொடியும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக் குழைத்துத் தாமே பூசிவிட்டார். பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. ஊத்தங்கரையில் இறங்கிப் போய்விட்டார்.

மாலையில் திருவண்ணாமலையில் ஒரு விடுதியில் எண்ணூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. சன்னலைத் திறந்தால் மலை. கிரிவலம் போகக் கால் இடம் கொடுக்கவில்லை.

அறையில் அமர்ந்து, உடன் கொண்டுவந்திருந்த மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தின் பகுதியை மீண்டும் படித்தேன். 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்' என்று புகாரின் ஈமப்புறங்காட்டில் ஐந்து வகையான அடக்க முறைகளை அது அடுக்குகிறது. எரித்தவர்களும் புதைத்தவர்களும் தாழியில் கவித்தவர்களும் ஒரே ஊரில், ஒரே சுடுகாட்டில், ஒருவர் பக்கத்தில் ஒருவர் துக்கம் அனுசரித்திருக்கிறார்கள். புறநானூற்றில் ஒரு பெண், கணவனை இழந்து நின்று, குயவனிடம் பேசுகிறாள். வண்டியின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு பல்லியைப் போலத் தான் அவனோடு பல பாலை வழிகளைக் கடந்து வந்ததாகவும், ஆகவே தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாக வனையுமாறும் கேட்கிறாள். அவளுடைய பெயரும் நமக்குத் தெரியாது. அவளைப் பற்றி நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

பிப்ரவரி 12, திங்கள்: மோட்டூர்

வீக்கம் சற்று வடிந்திருந்தது. தண்டராம்பட்டுக்குப் பேருந்தில் சென்று, அங்கே பொங்கலும் வடையும் ஐம்பது ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவிலும் பிறகு நடந்தும் மோட்டூர் சேர்ந்தேன். காலையில் வயல்கள் மீது மெல்லிய பனி படர்ந்திருந்தது. அது விலகுவதற்கும் நான் அந்தக் கல்லின் முன்னால் போய் நிற்பதற்கும் சரியாக இருந்தது.

கொடுமணலில் காணாத ஒன்று இங்கே இருக்கிறது. கல்வட்டத்தோடு சேர்ந்து, மனித உருவை நினைவூட்டுமாறு செதுக்கிய ஒரு பெரும் பலகைக்கல் நிமிர்ந்து நிற்கிறது. கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு எழுச்சி. அதன் இருபுறமும் அகன்று வளைந்து இறங்கும் தோள்கள். என்னைவிட மிக உயரமாக, தோள்விரித்துக் காத்திருக்கும் ஒருவரைப் போல அது நின்றது. தமிழகத்தில் பெருங்கற்காலத்தைச் சேர்ந்த இத்தகைய மனித உருக்கற்கள் அரியவை. இங்கே மோட்டூரிலும், விழுப்புரம் பக்கம் உடையார்நத்தத்திலும் இருப்பவை அவற்றுள் பெயர் பெற்றவை. இங்கே அகழாய்வும் நடந்திருக்கிறது. ஆய்வாளர்களில் பலர் இதைத் தாய்த்தெய்வ உருவமாகக் கருதுகிறார்கள். இறந்த முன்னோரின் உருவமாகவும் இருக்கலாம். எதிரே நின்றபோது இரண்டுக்கும் இடையே எனக்குப் பெரிய வேறுபாடு தோன்றவில்லை.

வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, என்னை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு வரப்பேறி வந்தார். "ஏம்மா, எந்த ஊரு? தனியாவா வந்தே?" என்று கேட்டவர், என் காலைக் கண்டதும் உட்காரச் சொல்லிவிட்டுத் தாமும் அமர்ந்தார். கதை அவர் வாயிலிருந்து தானாகவே வந்தது. முன்னொரு காலத்தில் இங்கே வாலியர் என்ற குள்ள மனிதர்கள் இருந்தார்களாம். உருவம் சிறிது; பலமோ பெரிது. நெருப்பு மழை பெய்யப்போகிறது என்று தெரிந்து கல்லில் வீடு கட்டிக்கொண்டார்களாம். மழை பெய்தது, எல்லோரும் மாண்டுபோனார்கள். கல் மட்டும் நின்றது. "இது சாமியா?" என்று நான் கேட்டதற்கு அவர் சிறிது யோசித்தார். "சாமிதான். அவங்களுக்கும் சாமி, எங்களுக்கும் சாமி" என்றார்.

அந்த விடையை நான் பல முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். கட்டியவர்கள் யார் என்று தெரியாது, அவர்கள் மொழிந்த மந்திரம் தெரியாது, அவர்களுடைய வழித்தோன்றல் என்று உரிமை கொண்டாடவும் வழியில்லை. இருந்தாலும் அந்தக் கல்லைக் கடக்கும்போது இந்த அம்மா செருப்பைக் கழற்றிவிடுகிறார். அடிக்கல் ஒன்றில் மஞ்சளும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. கொடுமணலில் வேலிக்குப் போனவற்றைப் போன்ற கற்கள் இங்கே இன்னும் நிற்பதற்குச் சட்டம் ஒரு காரணம் என்றால், இந்த மஞ்சளும் குங்குமமும் அதைவிடப் பழைய காரணம்.

புறநானூற்றில் இன்னொரு பாட்டு, போரில் மடிந்த வீரனுக்குப் பரற்கற்கள் நிறைந்த பதுக்கையோடு சேர்த்துக் கல் நட்டு, சிவந்த பூக்களால் ஆன கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, அவன் பெயரைப் பொறித்ததைச் சொல்கிறது. கற்குவியலான பதுக்கையும் எழுந்து நிற்கும் நடுகல்லும் அந்தப் பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. மோட்டூரைச் சுற்றியுள்ள செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் புகழ்பெற்றது. வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டையும், மாட்டு மந்தைக்காக உயிர்விட்டவனின் பெயரையும் பொறித்த பல்லவர் காலத்துக் கற்கள் அவை. பெயரற்ற வட்டம், முகமற்ற உருவக்கல், பெயர் பொறித்த நடுகல், கருமாதியில் ஊன்றிப் பிடுங்கிய அப்பாவின் கல் என்று நான்கையும் அந்த வரப்பில் அமர்ந்து மனத்துக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று நிறுவ நான் அறிஞர் இல்லை. ஆனால் நான்கின் முன்னாலும் மனிதர்கள் செய்தது ஒன்றுதான்: தண்ணீர் தெளித்தார்கள், சோறு வைத்தார்கள், போய் வருகிறோம் என்றார்கள்.

அம்மா முந்தானையிலிருந்து வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தார். நான் அதை உரித்துத் தின்னும் வரை கூடவே இருந்து, எழும்போது, "கும்பிட்டுட்டுப் போம்மா" என்றார். தோள்விரித்த அந்தக் கல்லின் முன்னால் செருப்பில்லாமல் நின்று கும்பிட்டேன். காலையில் குளிர்ந்திருந்த கல்லில் இப்போது வெயில் ஏறியிருந்தது.

தண்டராம்பட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, ஊரிலிருக்கும் பெரியத்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். எண்பத்திரண்டு வயது. அப்பாவின் தாத்தா பெயர் என்ன என்று கேட்டேன். அத்தை நெடுநேரம் பேசாமல் இருந்தார். தொடர்பு அறுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"பேரு தெரியலே கண்ணு. அய்யான்னுதான் கூப்புடுவாங்க. ஆனா நம்ம காட்டுல கெணத்துக்குக் கெழபொறமா, வேப்பமரத்தடியில அவருக்குக் கல்லு வெச்சிருந்தாங்க. நோம்பிக்கு நோம்பி எங்கம்மா பொங்க வெக்கும்."

காட்டை விற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கிணற்றுக்கு எத்தனை அடி கிழக்கே என்று கேட்டேன்.